நீ தொலைக்காத பத்திரம்

அன்புள்ள மகனுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். அப்பாவின் முழங்கால் மட்டும் மழைக்கு இரண்டு நாள் முன்னதாகவே நோகத் தொடங்கிவிடுகிறது. வானிலை அறிக்கையைவிட அதைத்தான் இப்போது கரையில் நம்புகிறார்கள். உன் சுகத்தைக் கேட்டு எழுதத் தேவையில்லை. ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் போனில் உன் முகத்தைப் பார்க்கிறேன். மெலிந்திருக்கிறாய், கறுத்திருக்கிறாய், நகத்துக்குள் மண் இருக்கிறது, ஆனால் சிரிப்புக்கு ஒரு குறையும் இல்லை. கிழமைக்குக் கிழமை முகம் பார்க்கிற பிள்ளைக்கு எதற்குக் கடிதம் என்று நீ கேட்பாய். போனில் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு முயன்று பார்த்தேன். உன்னைக் கண்டதும் வாய் "சாப்பிட்டியோ" என்று கேட்டுவிட்டு அத்தோடு நின்றுவிடுகிறது. இருபது வருடத்துக்கு மேலாக முன்பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துப் பழக்கிய கை இது. வாய்க்கு வராததை இதுவாவது எழுதட்டும்.

நான்கு கிழமைக்கு முன் நீ இந்தியாவிலிருந்து ஒரு வீடியோ அனுப்பியிருந்தாய். நீங்கள் எல்லாரும் சேர்ந்து கட்டி முடித்த மண் வீட்டின் முன்னால், பத்துப் பதினைந்து இளம் பிள்ளைகள் நிலத்தில் இருக்க, நீ எழுந்து நின்று கதைத்தாய். எல்லாம் இங்கிலீசு. எனக்குப் பாதி விளங்கவில்லை. அப்பாவுக்கு ஒன்றுமே விளங்கவில்லை. ஆனாலும் கடைசிவரை தலையை ஆட்டிக்கொண்டு பார்த்தார். எனக்கு விளங்கிய சொற்களில் ஒன்று போட்டோக்கொப்பி. அந்தச் சொல் வந்த இடத்தில் உன் குரல் தணிந்தது. முன்னால் இருந்த ஒரு பெண்பிள்ளை கண்ணைத் துடைத்தாள். என்ன சொன்னாய் என்று பிறகு போனில் கேட்டேன். "அப்பா கழுத்தளவு தண்ணிக்குள்ளால தலையில சுமந்து காப்பாத்தின பத்திரத்தை நான் ஒரு போட்டோக்கொப்பிக் கடையில விட்டிட்டு வந்தனான் எண்டு சொன்னனான் அம்மா. நீங்கள் என்னை ஒரு வார்த்தை ஏசேல்லை எண்டும் சொன்னனான்" என்றாய். ஏசாமல் விட்டதற்கு எனக்கு நன்றியும் சொன்னாய். நான் போனை வைத்துவிட்டுக் குசினிக்குள் போய் நின்றேன். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை. சும்மா நின்றேன்.

மகன், நீ அந்தப் பத்திரத்தைத் தொலைக்கவில்லை. உன் பிறப்புப் பத்திரம் ஒரு நாளும் இந்த வீட்டை விட்டுத் தொலைந்து போகவில்லை. நான்தான் ஒளித்து வைத்தேன். இதை எழுதி முடித்ததும் பேனையை வைத்துவிட்டு ஒரு மிடறு தண்ணீர் குடித்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். ஏன் செய்தேன், எப்படிச் செய்தேன் என்று சொல்லத்தான் மீதிக் கடிதம். இதை ஊர் வாசித்தாலும் வாசிக்கட்டும். "பெடியன் பத்திரத்தைத் துலைச்சுப்போட்டான்" என்று மீன்பிடிச் சங்கத்தடியிலும் கோயிலடியிலும் சொல்லித் திரிந்தவள் நான்தானே. பொய்யை ஊருக்குச் சொல்லிவிட்டு உண்மையை மட்டும் உன் காதுக்குள் சொல்வது நியாயமில்லை.

எங்கள் அறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிற கறுப்பு ரெக்சின் பையை உனக்குத் தெரியும். வன்னியில் அப்படியொரு பை இல்லாத வீடு குறைவு. அடையாள அட்டைகள், பிறப்புப் பத்திரங்கள், எங்கள் விவாகப் பதிவு, காணிப் பத்திரம், உன் ஞானஸ்நானச் சீட்டு, அப்பாவின் வள்ளப் பதிவு. எல்லாவற்றையும் யூரியாப் பையின் உள் உறையில் சுற்றி, மேலே இரண்டு சொப்பின் பை போட்டு, ரப்பர் வளையம் மாட்டி வைத்திருப்பேன். இரவில் செருப்பை எங்கே கழற்றினேன் என்பது மறந்தாலும் பை எங்கே என்பது மறக்காது. எத்தனை இடம் இடம்பெயர்ந்தோம் என்று எண்ணுவதை நான் இடையிலேயே விட்டுவிட்டேன். ஆட்டுக்கல்லை விட்டோம், தையல் மெசினை விட்டோம், அப்பா உயிர் போல வைத்திருந்த வலைகளை விட்டோம். பையை விடவில்லை. சண்டையின் கடைசி நாட்களில் நீரேரியைக் கடந்தபோது அப்பா அதைத் தலையில் வைத்து ஒரு கையால் பிடித்துக்கொண்டார், மறு கையில் நீ. உனக்கு அப்போது பதின்மூன்று வயது, நீந்தத் தெரியும், ஆனாலும் அவர் விடவில்லை. பைக்குள் கொஞ்சம் தண்ணீர் போனது. உன் பத்திரத்தின் ஒரு மூலையில் இன்றைக்கும் உப்புக் கறை இருக்கிறது.

செட்டிகுளம் முகாமில் நாங்கள் யார் என்று கேட்ட ஒவ்வொரு வரிசையிலும் அந்தப் பைதான் பதில் சொன்னது. பத்திரம் இல்லாத சனம் எங்களுக்குப் பின்னால் நின்று அழுததை நான் பார்த்தேன். அதனால் எனக்குள் ஒரு எண்ணம் இறுகிப் போனது. இந்தப் பை எங்கள் கையில் இருக்கும்வரை நாங்கள் மனிதர்கள், அதை அவிழ்த்து ஒரு பத்திரத்தை வெளியே எடுத்தால் ஏதோ ஒரு கெடுதி வரப்போகிறது என்கிற எண்ணம். நீ சோதனைக்கும் உத்தியோகத்துக்கும் கேட்டபோது எடுத்துத் தந்தேன், உண்மைதான். ஆனால் நீ திருப்பிக் கொண்டுவந்து தரும்வரை வாசலில் நின்றிருக்கிறேன். இதை நீ சிரிப்பாக எடுத்தாய், நானும் சிரித்தேன்.

முகாமிலிருந்து திரும்பி வந்த வருடம் நாங்கள் கட்டிய மண் குடிசை உனக்கு நினைவிருக்கிறது. நீயும் நானும்தான் மண் மிதித்தோம். நான் அந்தக் குடிசையை வெறுத்தேன். கறையான், மழைக்குக் கரைகிற மூலை, வருகிற எல்லாரும் "பாவம்" என்கிற பார்வை. வீட்டுத்திட்டத்தில் கல்வீடு கிடைத்தபோது நான் முதல் வேலையாகச் செய்தது அந்தக் குடிசையை இடித்ததுதான். நீ இடிக்க வரவில்லை. பள்ளிக்கூடத்தால் வந்து இடிந்த மண்ணைப் பார்த்துவிட்டு, சாப்பிடாமல் கடற்கரைக்குப் போய்விட்டாய். இவனுக்கு என்ன விசரோ என்று நினைத்தேன். பதினைந்து வருடம் கழித்து, உத்தியோகத்துக்கு ஒரு வருடம் சம்பளமில்லாத லீவு போட்டுவிட்டு, மண்ணால் வீடு கட்டப் பழக இந்தியாவுக்குப் போகப்போகிறேன் என்று நீ சொன்னபோதுதான் அந்த மத்தியானம் எனக்கு நினைவுக்கு வந்தது. நினைவுக்கு வந்ததே தவிர, விளங்கவில்லை. "மண்வீட்டிலயிருந்து உன்னைக் கல்வீட்டுக்குக் கொண்டுவர நாங்கள் பட்ட பாடு போதாதெண்டு, திரும்ப மண்ணுக்கே போறியோ" என்று கேட்டேன். நீ தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு எழும்பிப் போனாய்.

நீ எங்கள் இரண்டு பக்கத்துக் குடும்பத்திலும் முதல் அரசாங்க உத்தியோகத்தன். தொழில்நுட்ப உத்தியோகத்தர் என்று உன் பெயருக்குக் கீழே எழுதிய கடிதம் வந்த நாளில் அப்பா அதை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, மடித்துப் பைக்குள் வைக்கச் சொன்னார். கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில மேய்க்க வேணும் என்கிற ஊரில், கோழி மேய்க்காமலே கோறணமேந்துக்குள் போன பிள்ளை நீ. ஐந்து வருடம் வீட்டுத்திட்ட வேலைகளை அளந்தாய், மதிப்பீடு எழுதினாய், கையெழுத்து வைத்தாய். பிறகு ஒரு நாள் "களைச்சுப் போனன் அம்மா" என்றாய். நான் கைகொட்டிச் சிரித்தேன். கதிரையில் இருக்கிறவனுக்கு என்ன களைப்பு, விடிய முன்னம் வலை இழுக்கிற உன் கொப்பரே களைப்பு என்று சொன்னதில்லையே என்றேன். நீ அப்போது சொன்னதை நான் கேட்டும் கேட்காதவள் போல இருந்தேன்: "சனம் பகலில இருக்கேலாத வெக்கை வீடுகளுக்கு நான் நல்லாயிருக்கு எண்டு கையெழுத்து வைக்கிறன் அம்மா. வேற மாதிரிக் கட்டலாம். எப்பிடியெண்டு எனக்குத் தெரியாது. அதைத்தான் பழகப் போறன்." இவ்வளவு தெளிவாக ஒரு பிள்ளை தாயிடம் சொல்லும்போது, தாய் கேட்டிருக்க வேண்டும்.

நான் கேட்டது வேறு. எனக்குக் கேட்டது, வீட்டைவிட்டு ஒருவன் பையோடு போகப்போகிறான் என்பது மட்டும்தான். எங்கள் வீட்டில் ஒருவரும் ஒரு நாளும் எங்கும் தாங்களாகப் போனதில்லை. போகச் சொன்னார்கள், போனோம். திசையைக் காட்டினார்கள், நடந்தோம். பயணம் என்ற சொல்லுக்கே எனக்குத் தெரிந்த கருத்து அதுதான். பார்த்து வரலாம், பழகி வரலாம், மனம் ஆறி வரலாம் என்று ஒரு மனிதன் சும்மா புறப்படுவான் என்பது எனக்குப் பழக்கமில்லாத பாசை. நீ ஏ.எல் படிக்கும்போது பள்ளிக்கூடத்தால் நுவரெலியாவுக்குச் சுற்றுலா போனார்கள். சம்மதக் கடிதத்தில் நான் கையெழுத்து வைக்கவில்லை. பஸ் போன அன்று நீ வீட்டுப் பின்பக்கத்தில் இருந்து அப்பாவோடு கிழிந்த வலை பொத்தினாய். அன்றும் நீ என்னோடு சண்டை பிடிக்கவில்லை. நீ சண்டை பிடித்திருந்தால் நான் கொஞ்சம் திருந்தியிருப்பேனோ என்று சில நேரம் நினைப்பேன். பழியை உன்மேல் போட இன்னொரு வழி தேடுகிறேன், பார்த்தாயா.

உயிர்த்த ஞாயிறு முடிந்த கிழமை நீ கேட்டாய்: "அம்மா, பாஸ்போட்டுக்குப் போடவேணும், என்ர பிறப்புப் பத்திரத்தை ஒருக்கா எடுத்துத் தாங்கோ." நான் பையை இறக்கினேன். உறையை அவிழ்த்தேன். உன் பத்திரம் மேலேயே இருந்தது. நீ முற்றத்தில் மோட்டச்சைக்கிளைத் துடைத்துக்கொண்டு நின்றாய். ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை, மகன். யோசித்திருந்தால் செய்திருக்கமாட்டேன். கையில் எடுத்தேன், முன் அறைச் சுவரில் இருந்த அந்தோனியார் படத்தைத் தூக்கினேன், பின் அட்டைக்கும் சட்டத்துக்கும் இடையில் செருகினேன், படத்தை நேராக்கினேன். பிறகு வெளியே வந்து, "பைக்குள்ள இல்லை. கடைசியா நீதானே கொப்பியடிக்கக் கொண்டுபோனனீ, கடையிலதான் விட்டிட்டு வந்திருப்பாய்" என்றேன். உன் முகம் வெளிறிப்போனது. அதை நான் வாசலில் நின்று உன்னிடம் திருப்பி வாங்கியதைக்கூட மறந்து, நீ உடனேயே நம்பினாய். இத்தனை வருடமும் ஒரு துண்டுக் கடதாசியைக்கூடத் தொலைக்காத தாய் சொன்னால், எந்தப் பிள்ளைதான் நம்பாது?

தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருகிற அந்தோனியாருக்குப் பின்னால் கொண்டுபோய் ஒளித்தேனே, அந்தப் புத்தியை என்னவென்று சொல்வது. அடுத்த செவ்வாய்க்கிழமையே நீ அந்தப் படத்தின் முன்னால் மெழுகுதிரி ஏற்றினாய். ஒன்பது செவ்வாய் ஏற்றுவதாக நேர்ந்தாய். நீ முழந்தாளில் நிற்க, அந்தோனியார் உன்னைப் பார்க்க, அவருடைய முதுகுக்குப் பின்னால் உன் பத்திரம். நான் குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு செவ்வாயும் இன்றைக்கு எடுத்துக் கொடுத்துவிடுவேன், கதவிடுக்கில் கிடந்தது என்று சொல்லிவிடுவேன் என்று நினைப்பேன். ஒவ்வொரு செவ்வாயும் இன்னும் ஒரு கிழமை போகட்டும், அதற்குள் அவன் மனம் மாறிவிடும் என்று விட்டுவிடுவேன். ஒன்பதாவது செவ்வாய் நீ எழும்பி என்னிடம் வந்து, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அம்மா, நீங்கள் அவ்வளவு கஷ்டப்பட்டுக் காப்பாத்தினதை..." என்று சொல்லத் தொடங்கி, முடிக்காமல் விட்டாய். அந்த வருடம் நான் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். கோபப்பட்டது, புறணி சொன்னது, பூசைக்குப் பிந்திப் போனது எல்லாம் சுவாமியிடம் சொன்னேன். இதைச் சொல்லவில்லை.

பத்திரத்தின் போட்டோக்கொப்பி ஒன்று உன் அலுவலகக் கோப்பில் இருந்தது. ஆனால் பாஸ்போட்டுக்குக் கொப்பி செல்லாது என்றார்கள். புதுப் பிரதி எடுக்கலாம் என்று போனால், நீ பிறந்ததே இடப்பெயர்வுக்குள். உன்னைப் பதிந்த கந்தோரும் பிறகு எங்களைப் போலவே இடம்பெயர்ந்தது. அந்த வருடத்துப் பதிவுப் புத்தகம் எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை. நீ முல்லைத்தீவுக்கும் கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்குமாக, லீவு நாட்களிலெல்லாம் மோட்டச்சைக்கிளில் ஓடினாய். கோயிலில் ஞானஸ்நானப் பதிவின் பிரதி எடுத்தாய், கிராம அலுவலரிடம் கடிதம் எடுத்தாய், சத்தியக் கடதாசி எழுதினாய். வெயிலில் கறுத்து வந்து படுக்கிற உனக்கு நான் மோர் கரைத்துத் தந்தேன். உன்னோடு சேர்ந்து போக இருந்த உன் சிநேகிதன் நிரோஷன் பயிற்சிக்கு ஆள் சேர்த்த இரண்டு தவணை பார்த்துவிட்டுத் தனியாகப் போய்விட்டான். அவனை வழியனுப்பிவிட்டு வந்த நாளும் நீ என்னோடு முகம் சுளிக்கவில்லை. "என்ர கவலையீனம்தானே அம்மா" என்றாய். எட்டு மாதம் போனது. உன் வாழ்க்கையில் எட்டு மாதத்தை நான் ஒரு படச்சட்டத்துக்குள் வைத்திருந்தேன்.

டிசம்பரில் நத்தாருக்கு வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க அப்பா படங்களைக் கழற்றினார். நான் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே நெடுநேரம் சத்தமே இல்லை. போய்ப் பார்த்தால் அவர் கதிரையில் இருக்கிறார், மடியில் அந்தோனியார், கையில் உன் பத்திரம். உன் கொப்பர் கோபம் வந்தால் கத்துகிறவர் இல்லை என்பது உனக்குத் தெரியும். அவர் கத்தியிருந்தால் நான் திருப்பிக் கத்தியிருப்பேன். அவர் பத்திரத்தின் மூலையில் இருந்த கறையைப் பெருவிரலால் தடவிக்கொண்டு கேட்டார்: "இதை நான் தலையில வைச்சுக் கொண்டுவந்தது நீ ஒளிக்கவோ?" நான் கையிலிருந்த விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினேன். பிறகு அவர், "அவனுக்கு நான் சொல்லமாட்டன். நீதான் சொல்லவேணும்" என்றார். பத்திரத்தைக் கொண்டுபோய்ப் பைக்குள் வைத்தார். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து முடித்தார். அதற்கு அடுத்த கிழமை உனக்குப் புதுப் பத்திரம் கிடைத்தது. இனிச் சொல்லி என்ன, அவனுக்கு வேண்டியது கிடைத்துவிட்டதே என்று நான் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். உனக்கு வேண்டியது கிடைத்தது. ஆனால் தொலைத்தவன் என்கிற பெயரையும் நீ கூடவே கொண்டுபோனாய்.

நீ புறப்பட்ட அன்று வாசல் படலையில் நின்று "போட்டு வாறன் அம்மா" என்றாய். எங்கள் சனம் எந்த வீட்டை விட்டுப் போனாலும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு போகும். எத்தனை வீட்டுக்கு அப்படிச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போகாமலே விட்டிருக்கிறோம். அதனால் உன் வாயிலிருந்து அது வந்தபோது நான் நம்பவில்லை. இந்த ஒரு வருடத்தில் நீ எனக்குச் செய்த முதல் நன்மை அதுதான், மகன். நீ கிழமைக்குக் கிழமை போனில் திரும்பி வந்தாய். பனியைக் காட்டினாய். மலையில் ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு எங்களுக்குச் சூரியன் விழுவதைக் காட்டினாய். அப்பா அந்த மலைக்கு அந்தப் பக்கம் கடல் இருக்கோ என்று கேட்டார். நீ தங்கிய வீட்டு அம்மாவுக்கு எங்கள் ஊர் இறால் குழம்பை இறால் இல்லாமலே சமைத்துக் காட்டி, அவவின் அடுப்பையும் நாசமாக்கினாய். சித்திரை வெக்கையில் போனுக்குள்ளாலேயே அப்பாவுக்கு வகுப்பு எடுத்து, எங்கள் வெளிக் குசினிச் சுவருக்கு வைக்கோலும் மண்ணும் குழைத்துப் பூசவைத்தாய். உன்னிடம் இதுவரை சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்: குசினி குளிர்ந்திருக்கிறது. மத்தியானத்தில் நான் கல்வீட்டுக்குள் படுப்பதை விட்டுவிட்டுப் பாயை அங்கேதான் போடுகிறேன். அன்றைக்கு நான் இடித்த குடிசைக்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். எனக்கு அது வறுமையாகத் தெரிந்தது. உனக்கு அது நாங்கள் மூன்று பேரும் பயமில்லாமல் படுத்த முதல் வீடு என்பது எனக்குத் தெரியவில்லை.

உனக்கு நான் புத்தி சொல்லும் தகுதி கொஞ்சம் குறைந்துபோயிருக்கிறது. ஆனாலும் தாயாச்சே, வாய் சும்மா இருக்காது. உன் லீவு இன்னும் இரண்டு மாதத்தில் முடிகிறது. திரும்பவும் கந்தோருக்குப் போவாயா, வேறு ஏதும் செய்வாயா என்று ஊர் இப்போதே என்னைக் கேட்கிறது. எனக்குத் தெரியாது என்று சொல்லப் பழகிவிட்டேன். அது நல்ல பதில், ஒருவரும் மேலே கேட்பதில்லை. நீ போய் அதே கதிரையில் இருந்தாலும் எனக்குச் சந்தோசம், ஏனென்றால் நீ இப்போது அந்தக் கையெழுத்தை வேறு மாதிரி வைப்பாய். போகாவிட்டாலும் சந்தோசம்தான், கோறணமேந்துக் கோழி வேறு யாரிடமாவது மேயட்டும். ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். எனக்குப் பயம் என்பதற்காக ஒன்றைச் செய்யாதே, செய்யாமலும் விடாதே. என் பயத்துக்கு நியாயம் இருந்தது, அதை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். ஆனால் அது என்னுடைய பயம். அதை உன் முதுகில் ஏற்றியது பிழை. உனக்கும் ஒரு நாள் பிள்ளை பிறந்து, அது ஒரு பையைத் தூக்கிக்கொண்டு படலையில் நின்றால், உனக்கும் நெஞ்சு பதறும். பதறட்டும். பத்திரத்தை மட்டும் எடுத்துக் கொடுத்துவிடு.

இனி ஒரு செய்தி. லீவு முடிய முன்னம் நாங்களும் வந்து நீ கட்டிய வீட்டைப் பார்க்கவேண்டும் என்று நீ பலமுறை கேட்டாய். கோழியை யார் பார்ப்பது, வள்ளத்தை யார் பார்ப்பது என்று நான் சாட்டுச் சொன்னேன். அந்த வீடியோவுக்குப் பிறகு மூன்றாம் நாள் நான் முன்பள்ளிக்கு லீவுக் கடிதம் எழுதினேன். இத்தனை வருடத்தில் காய்ச்சலுக்கும் செத்தவீட்டுக்கும் தவிர நான் லீவு கேட்டதில்லை. காரணம் என்ற இடத்தில் எதை எழுதுவது என்று யோசித்துவிட்டு, பயணம் என்று எழுதினேன். எழுதிய பிறகு அந்தச் சொல்லைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நேற்று அப்பாவும் நானும் வவுனியாவுக்குப் பாஸ்போட்டுக்குப் போய் வந்தோம். முதல் நாளே பையை இறக்கி, எல்லாவற்றையும் அவிழ்த்து, எங்கள் பத்திரங்களை நானே எடுத்தேன். பழைய பழக்கத்தில் கை அவசரப்பட்டது. அப்பா பக்கத்தில் இருந்து "மெதுவா எடு, ஒருத்தரும் துரத்தேல்லை" என்றார்.

வரிசையில் நிற்கும்போது எனக்குப் பழைய வரிசைகள் எல்லாம் ஞாபகம் வந்தன. எத்தனை தடைமுகாமில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள், எங்கே போகிறாய், ஏன் போகிறாய் என்று. ஒவ்வொரு தரமும் எந்தப் பதில் சொன்னால் விடுவார்கள் என்றுதான் யோசித்திருக்கிறேன், எங்கே போக விருப்பம் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. எங்கள் முறை வந்தது. உன் வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி, படிவத்தைப் பார்த்துக்கொண்டே கதைக்கிற பாங்கில், "எங்கயம்மா போறீங்கள்?" என்று கேட்டாள். எந்தப் பதில் சொன்னால் விடுவாள் என்று பழையபடி யோசித்தேன். பிறகு சொன்னேன்: "மகன் ஒரு வீடு கட்டியிருக்கிறான். அதைப் பாக்கப் போறம்." அவள் நிமிர்ந்து சிரித்துவிட்டு முத்திரை குத்தினாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. வெளியே வந்து அப்பா எனக்கு ஒரு சர்பத் வாங்கித் தந்தார். கலியாணம் முடித்த புதிதில் வாங்கித் தந்ததற்குப் பிறகு இதுதான்.

வீட்டுக்கு வந்ததும் பத்திரங்களை எல்லாம் அலுமாரியின் மேல் தட்டில் அடுக்கினேன். வெறும் பையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக் கொடியில் போட்டிருக்கிறேன். இந்தக் கடிதத்தை எழுதும்போது அது என் கண்ணுக்கு முன்னால் காற்றில் ஆடுகிறது. அதன் சிப் பழுது, ஊசி குத்தித்தான் மூடவேண்டும், ஆனாலும் புதுப்பை வேண்டாம் என்று அப்பா பிடிவாதமாக நிற்கிறார். அதற்குள் உனக்குப் பனங்கட்டியும், நான் இடித்த மிளகாய்த்தூளும், விமானத்தில் விட்டால் கொஞ்சம் கருவாடும் வரும். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அந்தப் பை ஆசைப்பட்ட சாமானைச் சுமக்கப் போகிறது.

நீ எங்கும் போகாமல் இருந்திருந்தால், உத்தியோகமும் வீடுமாக என் கண்ணுக்கு முன்னால் இருந்திருந்தால், நான் இதை ஒரு நாளும் சொல்லியிருக்கமாட்டேன். நீ போனதால்தான் எனக்குச் சொல்லும் துணிவு வந்தது. இதற்கும் சேர்த்துத்தான் நன்றி சொல்கிறேன். என்னை ஏசவேண்டும் என்றால் நான் அங்கே வந்து இறங்கும்வரை பொறுத்து, நேரில் ஏசு. அந்த மண்வீட்டின் வாசலில் வைத்து ஏசு, நான் கேட்டுக்கொண்டு நிற்பேன். ஆனால் அதற்கு முன்னம் ஒரு வேலை இருக்கிறது. அந்தப் பிள்ளைகளை எல்லாம் இன்னொரு முறை கூப்பிட்டு நிலத்தில் இருத்து. இந்தமுறை நான் கதைக்கிறேன், நீ இங்கிலீசில் சொல்லு. பையின் அடியில், யூரியாப் பையின் உறைக்குள், ஒரே ஒரு பத்திரம் வரும். மூலையில் உப்புக் கறை இருக்கும், அந்தோனியார் சட்டத்தின் மடிப்பு இருக்கும், உன் பெயர் இருக்கும். எல்லாருக்கும் முன்னால் அதை உன் கையில் தருவேன். நீ அதை எந்தக் கடையிலும் விட்டுவிட்டு வரவில்லை, மகன்.

உன் அம்மா